பல வேலை செய்யும் துகளும் பெயரில்லாத பெண்களும்

ஒரே துகள், மூன்று வேலை: நோயைக் கண்டறியும், கட்டியைப் படத்தில் காட்டும், ஒளி பட்டால் அதை எரித்துவிடும். புற்றுநோய்க்கான நானோ பொருள்களைப் பற்றி வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளின் சாரத்தை இப்படி ஒரு வரியில் சொல்லிவிடலாம். இந்தத் துகளுக்கு அவை வைத்திருக்கும் பட்டம் 'பல்பணித் துகள்'. தலைப்பிலேயே அந்தச் சொல் வந்துவிடும். ஒரு துகளுக்கு இரண்டு வேலை இருந்தால் நல்லது, மூன்று இருந்தால் மேலும் நல்லது, ஐந்து இருந்தால் பெரிய பத்திரிகையில் இடம் கிடைக்கும்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறவள். இந்தக் கட்டுரைகளை என் தொழிலின் பகுதியாகப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றின் வேதியியலோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவை எதைக் கணக்கில் எடுக்கின்றன, எதை விடுகின்றன என்பதில்தான் சண்டை. ஒரு நாவலைப் படிக்கும்போது யார் பேசுகிறார், யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருடைய நேரம் கதைக்குள் வரவே இல்லை என்று கேட்கிறோம். அறிவியல் கட்டுரையும் மனிதர்கள் எழுதுவதுதான். அதனிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

'பல்பணி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருத்தியே சமைப்பாள், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருவாள், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பாள், வேலைக்கும் போவாள் என்று மேடையில் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டவுடன், இத்தனை வேலையும் ஒருத்தி தலையில் விழுந்ததால் யாருக்கு லாபம் என்று கேட்கப் பெண்ணியம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. துகளைப் பற்றியும் அதையே கேட்கிறேன். கண்டறிதலும் சிகிச்சையும் ஒன்றாகச் சேரும்போது யாருக்கு நேரம் மிச்சமாகிறது? யாருடைய முடிவு நடுவிலிருந்து காணாமல் போகிறது?

*

முதலில் துகளைப் புரிந்துகொள்வோம். நகைக்கடையில் பார்க்கும் தங்கம் மஞ்சள். அதே தங்கத்தை 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால், திரவம் மாதுளைச் சாறுபோல் சிவந்திருக்கும். துகளின் மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்ந்து, குறிப்பிட்ட ஒரு நிறத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. துகளின் அளவையும் வடிவத்தையும் மாற்றினால் உறிஞ்சப்படும் நிறமும் மாறும். மனித உடலின் ரத்தமும் நீரும் மிகக் குறைவாகத் தடுக்கிற ஒளி, ஏறத்தாழ 650இலிருந்து 900 நானோமீட்டர் வரையிலான சிவப்பும் அண்மை அகச்சிவப்பும். அந்த ஒளியைத் தங்கம் உறிஞ்சும்படி செய்துவிட்டால், வெளியிலிருந்து பாய்ச்சும் லேசர் தோலைக் கடந்து உள்ளே போய், துகள் இருக்கும் இடத்தை மட்டும் சுடாக்கும். இதைத்தான் ஒளிவெப்ப சிகிச்சை என்கிறார்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ் இதற்கான வழியைக் கண்டார். சிலிக்காவால் ஆன நுண்ணிய உருண்டை, அதன் மேல் மெல்லிய தங்க ஓடு. ஓட்டின் தடிமனை மாற்றினால் உறிஞ்சும் ஒளியும் மாறும். உயிர்ப்பொறியாளர் ஜெனிஃபர் வெஸ்டும் அவரும் தங்கள் குழுவினருடன் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த நானோ ஓடுகளை மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களோடு சேர்த்து 820 நானோமீட்டர் லேசரைக் காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் செல்கள் செத்தன. எலிகளின் கட்டிகளில் 4 முதல் 6 நிமிடத்துக்குள் வெப்பம் சராசரியாக 37.4 டிகிரி கூடியது. 2005இல் ரெபெக்கா டிரெசெக்கும் சேர்ந்த குழு, அதே ஓட்டின் மேல் ஹெர்-2 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஒட்டியது. ஹெர்-2 சில மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேல் மிகுந்து காணப்படும் அடையாளப் புரதம், அதாவது உயிர்க்குறியீடு. துகள் அதைத் தேடிப்போய் ஒட்டியது, ஒளியைச் சிதறடித்துச் செல்லைப் படத்தில் காட்டியது, பிறகு லேசர் பட்டதும் செல்லைக் கொன்றது. மூன்று வேலையும் ஒரே துகளில்.

இந்தத் துறையின் தொடக்கக் கட்டுரைகளிலேயே மூன்று பெண் விஞ்ஞானிகள் முன்னணியில் இருந்தார்கள். ஆகவே ஆண்கள் செய்த அறிவியல், பெண்ணுக்கு எதிரான அறிவியல் என்ற சுலபமான சூத்திரம் இங்கே செல்லாது. ஆய்வகத்துக்குள் பெண்கள் வந்தது பெரிய விஷயம். ஆனால் ஒரு கட்டுரை எழுதப்படும் முறையை அவர்களின் வருகை மட்டும் மாற்றிவிடாது. அந்த எழுத்துமுறைக்கு அவர்களுக்கு முன்பே ஒரு பழக்கம் இருந்தது.

*

அந்தப் பழக்கம் 'பொருள்களும் முறைகளும்' என்ற பகுதியில் தெரியும். 'எஸ்.கே.பி.ஆர்.-3 செல்கள் வளர்க்கப்பட்டன' என்று எழுதியிருக்கும். யார் வளர்த்தார், யாருடைய செல், இரண்டுக்கும் எழுவாய் இல்லை.

எஸ்.கே. என்றால் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை. பி.ஆர். என்றால் மார்பகம். 1970இல் 43 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரல் உறையில் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்த செல்கள் அவை. மருத்துவமனைக்குப் பெயர் இருக்கிறது, உறுப்புக்குப் பெயர் இருக்கிறது, முயற்சிக்கு எண் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் இல்லை. எம்.டி.ஏ.-எம்.பி.-231 என்பதும் இப்படித்தான்: ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவரிடமிருந்து வந்தது. மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளில் மிக அதிகமாகப் பயன்படும் எம்.சி.எஃப்.-7இல் உள்ள எம்.சி.எஃப். மிச்சிகன் புற்றுநோய் நிறுவனத்தைக் குறிக்கிறது. 7 என்பது ஏழாவது முயற்சி. அந்தச் செல்களைத் தந்தவர் கேத்தரின் ஃபிரான்சஸ் மாலன் என்ற கன்னியாஸ்திரீ. 1970இல் செல்களை எடுத்தபோது அவருக்கு வயது 69. அதே ஆண்டில் அவர் இறந்தார். அரை நூற்றாண்டாக அவருடைய செல்கள் உலகமெங்கும் பிளாஸ்டிக் தட்டுகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன.

ஹீலா செல்களின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹென்ரியட்டா லேக்ஸ் 31 வயதுக் கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவருடைய கருப்பைவாய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலேயே ஒரு துண்டை எடுத்தார்கள். அவர் அந்த ஆண்டே இறந்தார். செல்கள் சாகவில்லை. அவை விற்கப்பட்டன, விண்வெளிக்கும் போயின. நீண்ட காலம் அவருடைய பெயரைக்கூட ஹெலன் லேன் என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்துக்கு விஷயம் தெரியவந்தது 1973இல். அந்தச் செல்களால் லாபமடைந்த நிறுவனம் ஒன்றோடு குடும்பம் சமரச உடன்பாடு கண்டது 2023இல்.

ஒவ்வொரு கட்டுரையிலும் கண்ணீர்க் கதை எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பாற்றப் பெயரை மறைப்பது நியாயமான வழக்கமும்கூட. என் ஆட்சேபம் வேறு. பெயர் மறைக்கப்பட்ட நபர் என்ற நிலையிலிருந்து இந்தப் பெண்கள் பொருள் என்ற நிலைக்கு இறங்கிவிட்டார்கள். தங்க உப்பு எந்த நிறுவனத்தில் வாங்கியது, செல் எந்த வங்கியில் வாங்கியது என்று இரண்டும் ஒரே பத்தியில், ஒரே இலக்கணத்தில் வருகின்றன. பெண்ணுடல் அறிவியலுக்கு மூலப்பொருளாகும் இடம் இது. அங்கே வன்மம் எதுவும் இல்லை. செயப்பாட்டு வினை ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

*

மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் தொடங்கிய அந்தத் தங்க ஓடு மனித உடலுக்குள் எப்படிப் போனது? 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில் நியூயார்க்கில் 16 ஆண்களுக்கு, புராஸ்டேட் சுரப்பியில் மட்டும் நின்றுகொண்டிருந்த கட்டிக்கு இந்தச் சிகிச்சை தரப்பட்டது. முதல் நாள் துகள்களை ரத்தத்தில் ஏற்றி, மறுநாள் எம்.ஆர்.ஐ. படத்தின் துணையோடு ஒளியிழையை ஊசி வழியாகக் கட்டிக்குள் செலுத்தி லேசரைப் பாய்ச்சினார்கள். 15 பேருக்குச் சிகிச்சை திட்டமிட்டபடி முடிந்தது. ஓராண்டுக்குப் பிறகு சிகிச்சை தந்த இடத்தில் சதை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானோருக்கு அங்கே புற்றுநோய் இல்லை.

புராஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. கட்டி சிறியது, ஓரிடத்தில் நிற்பது, ஊசிக்கு எட்டுவது. அறுவை சிகிச்சை செய்தால் சிறுநீர் கட்டுப்பாடும் பாலுறவு ஆற்றலும் பாதிக்கப்படலாம். அதனால் ஆய்வாளர்கள் கட்டியை மட்டும் அளக்கவில்லை. சிறுநீர்த் தொல்லைக்கு ஒரு கேள்வித்தாள், ஆணின் பாலுறவு நலத்துக்கு ஐந்து கேள்விகள் கொண்ட இன்னொரு கேள்வித்தாள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே வெற்றியாகச் சொன்னார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். நோயாளி உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, அவர் விரும்பும் வாழ்க்கை அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று ஓர் ஆய்வு நினைத்திருக்கிறது.

இப்போது மார்பகப் புற்றுநோய்க்கு என்று சொல்லிக்கொள்ளும் நானோ கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். வழக்கமாக அளப்பது கட்டியின் கன அளவு, எலியின் எடை, ஈரல் சிறுநீரகத்தின் வெட்டுப்படம். எலி மெலியவில்லை, ஆகவே சிகிச்சை பாதுகாப்பானது. எலியிடம் கேள்வித்தாள் நீட்ட முடியாதுதான். ஆனால் முன்னுரை முழுவதும் பெண்களின் மரண எண்ணிக்கையைச் சொல்லித்தானே தொடங்குகிறார்கள்? அந்த முன்னுரையில் சிகிச்சைக்குப் பின் வரும் கைவீக்கம் இருக்காது. மார்பின் உணர்ச்சி போவது இருக்காது. 35 வயதில் மருந்தால் வரும் மாதவிடாய் நிறுத்தம் இருக்காது. இனிப் பிள்ளை பெற முடியுமா என்ற கேள்வி இருக்காது. மார்பகப் புற்றுநோய் மருத்துவத்தில் இவற்றை அளக்கும் வழிகள் நெடுநாளாக இருக்கின்றன. நானோ கட்டுரைகள் அவற்றிலிருந்து தங்கள் துகளை வடிவமைக்கத் தொடங்குவது அபூர்வம். எதை இழக்கக் கூடாது என்று முதலில் கேட்ட இடத்தில் துகளின் வடிவமைப்பு நோயாளியின் பக்கம் வந்தது. பெண்ணுக்காகவும் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

*

'ஒளி' என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். நம் மொழியில் ஒளி என்றாலே நன்மை. கட்டுரைகளும் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன: கத்தி வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம், வெறும் ஒளி. ஆனால் ஒளிச் சிகிச்சையில் இன்னொரு வகை உண்டு. அதன் பெயர் ஒளியியக்க சிகிச்சை. ஒளி பட்டதும் ஆக்ஸிஜனை வீரியமாக்கிச் செல்லைக் கொல்லும் மருந்தை உடலில் ஏற்றுவார்கள். அதில் முதலில் அனுமதி பெற்ற ஃபோட்டோஃபிரின் 1993இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக வந்தது. அந்த மருந்தை ஏற்றிக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். லேசருக்கும் வெயிலுக்கும் வித்தியாசம் தோலுக்குத் தெரியாது. வெயில் பட்டால் வெந்துவிடும்.

முப்பது நாள் வெயில் படாமல் யாரால் இருக்க முடியும்? நாற்று நடுகிறவளால் முடியாது. சித்தாள் வேலைக்குப் போகிறவளால் முடியாது. தெருவில் பூவும் மீனும் விற்கிறவளால் முடியாது. வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்றாலும் தண்ணீர்க் குழாய் தெருவில் இருந்தால் அதுவும் நடக்காது. மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலில் இது 'தோலின் ஒளி உணர்திறன்' என்று ஒரு வரியாக இருக்கும். அவள் வாழ்க்கையில் ஒரு மாதக் கூலி. பல நானோ குழுக்கள் இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மருந்தைத் துகளுக்குள் அடைத்துக் கட்டிக்கு மட்டும் கொண்டுபோக முயல்கின்றன. அது உண்மையான தேவை. ஆனால் தேவையைச் சொல்லும்போதுகூட அந்தக் கூலி கட்டுரைக்குள் வருவதில்லை.

கட்டிக்கு மட்டும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. டொராண்டோவில் வாரன் சானின் குழு முந்தைய பத்தாண்டுக் கட்டுரைகளைத் திரட்டி 2016இல் ஒரு கணக்கைச் சொன்னது. ஊசியில் ஏற்றிய நானோ துகளில் கட்டியைச் சென்றடைவது நடுமதிப்பாக 0.7 விழுக்காடு. ஆயிரம் துகள் போனால் ஏழு போய்ச் சேருகிறது. மீதியில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் வடித்துக்கொள்கின்றன. தங்கம் அங்கே எளிதில் கரைவதில்லை. அதுவும் எலியில் கிடைத்த கணக்கு. எலியின் கட்டி பெரும்பாலும் தோலுக்கடியில் விலாப்புறம் வளர்க்கப்பட்டது; உடலின் அளவோடு பார்த்தால் பெரியது; லேசருக்குச் சுலபமாக எட்டுவது. 'ஏவுகணை', 'இலக்கு', 'துல்லியத் தாக்குதல்' என்று கட்டுரைகள் எழுதும்போது இந்த 0.7ஐ நினைவில் வையுங்கள். நோயைப் போராகவும் உடலைப் போர்க்களமாகவும் பேசுவது நோயாளிக்கு என்ன செய்கிறது என்று சூசன் சொன்டாக் 1978இலேயே விரிவாக எழுதினார். நானோ கட்டுரைகள் அந்தப் போர்மொழியை விடவே இல்லை.

*

கண்டறிதல் என்ற முதல் வேலைக்கு வருவோம். நானோ தங்கத்தைப் பார்த்ததே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். மருந்துக் கடையில் வாங்கும் கருத்தரிப்புச் சோதனைப் பட்டையில் விழும் இளஞ்சிவப்புக் கோடு பெரும்பாலும் நானோ தங்கம்தான். துகளின் மேல் ஒட்டிய எதிர்ப்பொருள் சிறுநீரில் உள்ள எச்.சி.ஜி. ஹார்மோனைப் பிடிக்கிறது, பிடித்தவை ஒரு கோட்டில் கூடும்போது அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதே எச்.சி.ஜி. ஒரு புற்றுநோய்க் குறியீடும்கூட. கருவோடு தொடர்புடைய கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயில் அது ரத்தத்தில் ஏறும். 1950களில் அமெரிக்காவில் மின் சியூ லீ இந்தப் பெண்களுக்கு மெதோட்ரெக்ஸேட் கொடுத்தபோது, கட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் எச்.சி.ஜி. முற்றிலும் மறையும்வரை மருந்தை நிறுத்த மறுத்தார். அதற்காக வேலையை இழந்தார். ஆனால் அப்படித் தொடர்ந்து மருந்து பெற்றவர்கள் பிழைத்தார்கள். ஓர் உயிர்க்குறியீட்டை நம்பிச் சிகிச்சை செய்ததன் தொடக்கக் கதைகளில் அது ஒன்று.

வீட்டிலேயே செய்யும் கருத்தரிப்புச் சோதனையை 1967இல் யோசித்தவர் மார்கரெட் கிரேன். நியூஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலைபார்த்த வடிவமைப்பாளர், விஞ்ஞானி அல்ல. ஆய்வகத்தில் வரிசையாக இருந்த சோதனைக் குழாய்களைப் பார்த்து, இதைப் பெண்ணே செய்துகொள்ளலாமே என்று கேட்டார். அவருடைய கருவியில் தங்கம் இல்லை. கண்ணாடிக் குழாயும் அடியில் ஒரு சிறு முகக்கண்ணாடியும்தான். முடிவு முதலில் மருத்துவரிடம் போகாமல் பெண்ணின் கைக்கு வர வேண்டும் என்பதே அதன் புதுமை. காப்புரிமையை அவர் ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்.

இந்தப் பட்டை பல்பணிப் பொருள் அல்ல. ஒரே ஒரு வேலை செய்கிறது, பதிலை அவளிடம் சொல்கிறது, மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அவளிடம் விட்டுவிடுகிறது. நானோ தங்கம் இதுவரை பெண்களுக்குச் செய்த மிகப் பரவலான உதவி இந்த ஒற்றை வேலைதான்.

*

கண்டறிதலையும் சிகிச்சையையும் ஒன்றாக்குவது நானோ அறிவியலின் புதுக் கனவு என்று எழுதுகிறார்கள். பெண்கள் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். 1970களின் அமெரிக்காவில் மார்பில் கட்டி என்று போன பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். சதையை எடுத்து உடனே உறையவைத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போதுதான் மார்பு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். ஒற்றைப் படிமுறை என்று அதற்குப் பெயர். மருத்துவருக்கு ஒரே அறுவை, ஒரே மயக்கம், மிகுந்த வசதி.

ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974இல் தனக்குக் கட்டி வந்தபோது, முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவை நான் எடுக்கிறேன் என்று சொன்னார். அதற்குச் சம்மதிக்கும் அறுவை மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பிறகு அதையே இயக்கமாக்கினார். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழுவில் மருத்துவர் அல்லாத ஒரே உறுப்பினராக உட்கார்ந்தார். சோதனை ஒரு நாள், சிகிச்சை இன்னொரு நாள் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இரண்டுக்கும் நடுவே பெண்கள் வென்றெடுத்தது சில நாள்கள்தான். ஆனால் யோசிக்கவும், இன்னொரு மருத்துவரைக் கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் அந்தச் சில நாள்களில் இடம் இருந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலே உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு 1985இல் காட்டியபோது, அந்த இடைவெளி எத்தனை பெண்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

அப்படியென்றால் சேர்ப்பது எப்போதும் கெட்டதா? இல்லை என்பதற்கான சான்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 2000இல் தொடங்கி அங்கே 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை நடந்தது. கருவி நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது ஏறக்குறைய வினிகர், ஒரு பிரகாசமான விளக்கு, பயிற்சி பெற்ற செவிலியரின் கண். அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் மாறுதல் அடைந்த இடம் வெளுக்கும். தேவைப்பட்டவர்களுக்கு அன்றே உறைகுளிர் சிகிச்சை தந்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த பகுதியில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. ஒப்பீட்டுக்காகச் சோதனை தரப்படாமல் இருந்த பெண்களைப் பற்றி, இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகள்மீது அறவியல் கேள்விகள் எழுந்தன. அவை எழ வேண்டிய கேள்விகளே. ஆனால் அந்த வினிகரும் குளிரும் உயிர்களைக் காத்தன என்பதும் உண்மை.

இங்கேயும் கண்டறிதலும் சிகிச்சையும் ஒன்றாக நடந்தன. ஆனால் அந்தப் பெண் விழித்திருந்தாள். செவிலியர் சொன்னதைக் கேட்டாள். வேண்டாம் என்று எழுந்துபோகவும் முடியும். ஒரே வருகையில் முடிந்ததால் மிச்சமானது அவளுடைய பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, வீட்டில் இன்னொரு முறை அனுமதி கேட்கும் தொல்லை. சோதனை முடிவைக் கேட்கத் திரும்பி வர முடியாமலே எத்தனை பெண்கள் நோயை முற்றவிடுகிறார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். ஒற்றைப் படிமுறையில் நேரம் மிச்சமானது மருத்துவருக்கு, முடிவு பறிபோனது பெண்ணுக்கு. திண்டுக்கல்லில் நேரம் மிச்சமானது பெண்ணுக்கு, முடிவும் அவளிடமே நின்றது. சேர்க்கலாமா பிரிக்கலாமா என்ற கேள்விக்குப் பெண்ணிய விடை துகளின் வேதியியலில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது. ரத்தத்தில் ஏறிய உடனே தானே தேடி, தானே கண்டு, தானே கொல்லும் துகளைக் கனவு காண்கிறவர்கள் அந்தக் கணக்கைக் காட்டட்டும்: அவள் எந்த இடத்தில் சரி அல்லது வேண்டாம் என்று சொல்வாள்?

*

இதையெல்லாம் மாணவிகளை நினைத்துத்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் முதுகலை வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம் படிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் நானோ துகள் செய்திருக்கிறார்கள். வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு, கீழாநெல்லிச் சாறு. அதில் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றி வைத்தால் பழுப்பாகும். அதைக் காயவைத்து, நிறமாலை எடுத்து, செல்லுக்குப் போட்டு, மஞ்சள் சாயம் ஊதாவாகிறதா என்று பார்ப்பார்கள். உயிருள்ள செல் மட்டும்தான் ஊதாவாக்கும். பாதிச் செல்கள் சாகும் அளவைக் குறித்துக்கொண்டு, 'புற்றுநோய் எதிர்ப்புத் திறன் கொண்ட நானோ துகள்' என்று ஆய்வேட்டை முடிப்பார்கள். பல இடங்களில் செல் சோதனைக்கு வெளி ஆய்வகத்துக்குக் கட்டும் பணம் மாணவியின் கைக்காசு. தட்டில் செல்லைக் கொல்வது பெரிய காரியமில்லை, சலவைத்தூளும் கொல்லும் என்பதை யாரும் அவளிடம் சொல்வதில்லை. அவளுடைய உழைப்பும் கட்டுரை எண்ணிக்கையாக மாறி வேறு எங்கோ போய்ச் சேர்கிறது.

துகள் செய்வதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெண்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும். இருந்துகொண்டே கேட்கப் பழக வேண்டும். இந்தத் துகள் உடலில் எத்தனை பங்கு கட்டிக்குப் போகிறது, மீதி எங்கே தங்குகிறது? சிகிச்சைக்குப் பின் அவள் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? அவளிடம் எதை அளக்கப் போகிறோம், எதை இழக்கக் கூடாது என்று அவளைக் கேட்டோமா? செவிலியர் ஒருவர் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இதைச் செய்ய முடியுமா?

இன்னும் ஒன்று, செலவில்லாதது. என்னிடம் ஆய்வேடு எழுதும் மாணவிகளிடம் 'எம்.சி.எஃப்.-7 செல்கள் புனேயிலிருந்து பெறப்பட்டன' என்ற வரிக்கு முன்னால் இன்னொரு வரி சேர்க்கச் சொல்கிறேன். இந்தச் செல்கள் மிச்சிகனைச் சேர்ந்த கேத்தரின் ஃபிரான்சஸ் மாலன் என்பவரின் உடலிலிருந்து 1970இல் எடுக்கப்பட்டவை. எஸ்.கே.பி.ஆர்.-3 என்றால் 43 வயதுப் பெண் ஒருவர், பெயர் வெளியிடப்படவில்லை என்று எழுதலாம். தேர்வாளர் சிலர் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போடுவார்கள், தேவையற்றது என்று. வட்டம் இருக்கட்டும். வரியையும் அடிக்காமல் விட்டுவைக்கச் சொல்கிறேன்.